வண்டிக்குக் கீழே நாலு குழிகள்

1

இதை எழுதும்போது நான் ட்ரொண்ஹெய்மிலிருந்து ஒஸ்லோவுக்குப் போகும் ரயிலில் இருக்கிறேன். எதிரில் மனைவி வதனா யன்னலில் தலை சாய்த்து நித்திரை கொள்கிறாள். போகும்போது எங்கள் சொந்த வண்டியில் போனோம். திரும்பி வருவது ரயிலில்.

ஒஸ்லோவில் பியோர்ண்டால் என்ற பகுதியில் எங்கள் வீடு. அந்த வீட்டு வாசல் தாரில் நாலு குழிகள் இருக்கின்றன. அவற்றை மூடிக்கொண்டு மூன்றரைத் தொன் வண்டியொன்று மூன்று மாதம் நின்றது. வண்டியை வாங்கியது மகளைப் பார்க்கப் போக. குழிகளை உண்டாக்கியவன் நான். வண்டியை எடுத்தால் குழி தெரியும். எடுக்காவிட்டால் மகள் கையை விட்டுப் போய்விடுவாள். மூன்று மாதமும் இதற்குள் அகப்பட்டு நான் பட்ட பாட்டை ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

நோர்வேக்காரர் அந்த வண்டியை பூபீல் என்பார்கள். சின்ன லொறியின் மேல் ஏற்றிய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிவறை, முழங்கையளவு மேசை, எல்லாம் உள்ளே இருக்கும். கோடை வந்தால் நாட்டில் பாதிப்பேர் இதில் ஏறி வெளிக்கிட்டு விடுவார்கள். நல்ல வீட்டைப் பூட்டிவிட்டுப் பெட்டிக்குள் போய்ப் படுக்க இவர்களுக்கு என்ன விசரா என்று முப்பது வருடம் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் பஸ் சாரதி. இருபத்துமூன்று வருடம் இந்த நகரத்தில் பஸ் ஓட்டியிருக்கிறேன். பஸ் தரிப்பிடங்களில் தார் ஏன் பள்ளமாகிறது என்று எனக்குத் தெரியும். ஓடுகிற பஸ் தாரை அவ்வளவாகக் கெடுக்காது, நிற்கிற பஸ்தான் அமத்தும். அதனால்தான் பெரிய தரிப்பிடங்களில் தாரைக் கிளப்பிவிட்டுக் கொங்கிரீட் போடுகிறார்கள். ஆகவே தெரியாமல் செய்த பிழை என்று சொல்லி நான் தப்ப முடியாது.

2

ஆரணி எங்கள் ஒரே பிள்ளை. ட்ரொண்ஹெய்முக்குப் படிக்கப் போனவள் அங்கேயே வேலையும் எடுத்தாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் தொலைபேசியில், எய்ரிக் என்ற நோர்வேப் பெடியனோடு சேர்ந்து வீடு வாங்கிவிட்டதாகச் சொன்னாள். கல்யாணம் எப்போது என்று கேட்டேன்.

“இப்ப அந்த யோசனை இல்லை அப்பா. நாங்கள் சாம்பூவர்.”

கல்யாணம் கட்டாமல் ஒன்றாகக் குடியிருப்பவர்களுக்கு இங்கே அந்தப் பெயர். வரிப் படிவத்தில்கூட அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் எத்தனையோ படிவம் நிரப்பியவன், அந்தக் கட்டத்தில் என் பிள்ளை போய் நிற்பாள் என்று நினைத்ததில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“அப்படியெண்டால் கேட்டுக்கொள். உன்ரை வீட்டு வாசல்படி நான் மிதிக்க மாட்டன்.”

“சரி அப்பா,” என்றாள்.

ஊரில் என்றால் இந்தப் பேச்சுக்கு மருந்து இருந்தது. சித்தப்பா ஒருவர் வருவார், மாமி ஒருத்தி அழுவாள், அடுத்த பொங்கலுக்கு எல்லாரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுவார்கள். இங்கே வளர்ந்த பிள்ளைகளோ சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். மிதிக்க மாட்டேன் என்றேன், மூன்று வருடம் அவள் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிடவே இல்லை. வருடத்துக்கு ஒரு தரம் ஒஸ்லோவுக்கு வருவாள், இரண்டு நாள் நிற்பாள், போய்விடுவாள். முன்பு வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் வாசித்துச் சொல்பவள் அவள்தான். இப்போது கடிதங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழ் தொங்கின.

பேச்சைத் திரும்ப எடுக்க எனக்கு வாய் வரவில்லை. இந்த வசந்தத்தில்தான் வேலையிடத்தில் ஒருவர், தான் விற்க இருந்த பழைய பூபீலின் படத்தைக் காட்டினார். உடனே பொறி தட்டியது. இப்படியொன்றில் போனால் அவளின் வளவுக்குள் நிற்கலாம், சொந்தக் கட்டிலில் படுக்கலாம், வாசல்படி மிதிக்கத் தேவையில்லை! வதனாவிடம் சொன்னேன்.

“ஒரு படி ஏற வெக்கப்பட்டு ஒரு வீட்டையே இழுத்துக்கொண்டு போகப் போறியள்.”

ஆரணிக்குச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“எத்தினை தொன் அப்பா?”

“மூண்டரை. ஏன்?”

“எங்கடை வளவு புல்லுத்தரை. மழை பெய்தால் சில்லுத் தாழும். சில்லுக்கும் சில்லுக்கும் இடையிலை எவ்வளவு? நிப்பாட்டேக்கை இரும்புக் கால் இறக்கிற சாதி வண்டியோ? அளந்து சொல்லுங்கோ.”

விற்கிறவரைக் கேட்டு அளவெல்லாம் அனுப்பினேன். இவளும் சரியான நோர்வேக்காரி ஆகிவிட்டாள், எதற்கெடுத்தாலும் அளவு என்று மனதுக்குள் முணுமுணுத்தேன்.

3

எங்களுடையது ஒட்டு வீடு. ஒட்டிய பக்கத்தில் உன்னியும் அவளுடைய புருசன் ஸ்டைனாரும். வீதியிலிருந்து வரும் வாசல் பாதை இரண்டு வீட்டுக்கும் பொது. பதினெட்டு வருட அயல்.

ஸ்டைனார் பள்ளிக்கூடத்தில் மரவேலை படிப்பித்தவர். இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் தளர்ந்தது, பேச்சும் போனது. ‘யா’, ‘நெய்’, ‘தக்’. ஓம், இல்லை, நன்றி. மிஞ்சியது இந்த மூன்று சொல்தான். சின்னச் சக்கரங்கள் பூட்டிய தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்துச் சுற்று நடக்க வேண்டும் என்பது வைத்தியரின் கட்டளை. வாசலில் சரளைக்கல் கிடந்தது, சக்கரம் புதைந்தது. அவர் நடப்பதற்காகவே இரண்டு வீடும் சேர்ந்து தார் போட்டோம்.

பூபீல் வாங்கப்போகிறேன் என்று சொன்னதும் உன்னி உள்ளே போய் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். வண்டி என் பக்கத்தில் நிற்கலாம். சில்லுகளுக்கும் கால்களுக்கும் கீழே பலகை வைக்க வேண்டும். நின்ற இடத்தில் சில்லைத் திருப்பக்கூடாது. எண்ணெய் ஒழுகினால் துடைக்க வேண்டும். தாருக்கு ஏதாவது நடந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம்.

எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருடம் சுண்டலும் வடையும் கொடுத்துப் பழகிய வீட்டுக்காரனிடம் கையெழுத்தா? முகத்தில் தெரிந்துவிட்டது போல.

“நல்ல அயலவர்களோடுதான் எழுதி வைப்பது, சிவா,” என்றாள் உன்னி. “கெட்டவர்களுக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள்.”

கையெழுத்துப் போட்டேன். போட்டதோடு நிற்காமல், தடித்த ஒட்டுப்பலகை வாங்கி எட்டுத் துண்டு அறுத்து, ஓரமெல்லாம் தேய்த்து, பின்வளவுக் கொட்டிலில் அடுக்கியும் வைத்தேன். தார் போட வந்தவர்களும் போகும்போது சொன்னார்கள்: இந்தக் கோடை முழுக்கப் பாரமானது எதையும் நிறுத்தாதே, வெயில் நாளில் கதிரைக்காலே இறங்கும்.

4

இனி ஆடி மாதத்துக்கு வருகிறேன்.

ஆரணி ஓகஸ்ட் முதல் கிழமை லீவு எடுத்திருந்தாள். அப்படியென்றால் வண்டி அதற்கு முன் வீட்டுக்கு வர வேண்டும். ஆனால் ஆடிக்குள் புதுச்சாமான் வீட்டுக்கு வரக்கூடாது, வதனா ஒரே பிடியாக நின்றாள். “ஆடியிலை வாங்கின வண்டியிலை பிள்ளையிட்டைப் போறதோ?” எனக்கும் உள்ளூரப் பயம்தான். ஆகவே ஆடி பிறப்பதற்கு முதல் நாள். தாருக்கு அன்றைக்குப் பன்னிரண்டு நாள் வயது. வெயில் முப்பது பாகை. ஒஸ்லோவில் அப்படி வெயில் வருடத்தில் சில நாள்தான் வரும், அதில் ஒன்று அன்று வந்தது. உன்னியும் ஸ்டைனாரும் மலைக்குடிலுக்குப் போயிருந்தார்கள்.

குறொன்லாண்டுக் கடைகளில் தேங்காய், தேசிக்காய், மாவிலை எல்லாம் வாங்கியாயிற்று. நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய். தேங்காயை வீதியோரக் கல்லில் உடைத்தேன், தண்ணீர் தாரில் படக்கூடாது என்று. கற்பூரத்தைக்கூடத் தட்டில்தான் கொளுத்தினேன், சூட்டுக்குத் தார் இளகிவிடும் என்று. அவ்வளவு கவனம்!

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுப்பும் படுக்கையும் இருந்தால் அது வீடுதானே. பால் காய்ச்சாமல் ஒரு வீட்டில் எப்படிப் படுப்பது? வதனா உள்ளே போய்ப் பால் பானையை அடுப்பில் வைத்தாள். வைத்தவள் திகைத்துப்போனாள்.

“இஞ்சாருங்கோ, பால் ஒரு பக்கமாச் சரிஞ்சு நிக்குது.”

மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பாதை வீதிப்பக்கம் சரிவாகப் போடப்பட்டிருந்தது. வீதி எங்களுக்கு மேற்கு. பால் கிழக்கே வழிந்தால்தான் சுபம், மேற்கே வழிந்தால்? ராகுகாலம் தொடங்க இன்னும் கால் மணித்தியாலம்தான் இருந்தது. பூசைக்கு வந்திருந்த பதினாலு பேரும் ஒரே நேரத்தில் யோசனை சொன்னார்கள். வண்டியின் நாலு மூலையிலும் பழைய சொந்தக்காரர் பூட்டிய இரும்புக் கால்கள் இருந்தன. கைப்பிடியைச் சுற்றினால் இறங்கும், இன்னும் சுற்றினால் வண்டியையே கொஞ்சம் தூக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்து இரண்டு வருடமான கணினிக்காரத் தம்பி கார்த்திக், தொலைபேசியை அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சரிவு பார்த்தார்.

“அங்கிள், இன்னும் ரெண்டு டிகிரி இருக்கு. அந்தப் பின்னாடி கால ஏத்துங்க.”

“பலகை எடுத்துக்கொண்டு வாறன்,” என்றேன். கொட்டில் பூட்டியிருந்தது. பூட்டுத் திறப்பு வீட்டுக்குள் எங்கேயோ.

“நேரம் போகுதப்பா!” இது வதனா.

பத்து நிமிடம்தானே என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் நினைத்தவற்றுள் மோசமான நினைப்பு அது. கால்களை வெறும் தாரில் இறக்கிச் சுற்றினேன்.

பால் பொங்கியது. நேர் கிழக்கே வழிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், எனக்குக் கண் கலங்கியது. அதே பாலில் தேத்தண்ணீர் போட்டு, பதினாலு பேரும் உள்ளே ஏறி, கட்டிலில் இருந்து பார்த்து, குழாயைத் திறந்து பார்த்து, வெளிக்கிடும்போது இரண்டரை மணித்தியாலம் போய்விட்டது.

எல்லாரும் போனபின் கால்களை மேலே சுற்றினேன். முதலாவது கால் வரவில்லை. பலமாகச் சுற்ற, தாரைப் பிய்த்துக்கொண்டு வந்தது. மூன்று விரல் ஆழக் குழி, சுற்றிவர விளிம்பு பிதுங்கி நின்றது. நாலு இடத்திலும் அப்படியே. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கால்களைத் திரும்ப அதே குழிகளுக்குள் இறக்கினேன்.

5

உன்னி திரும்பி வந்தபோது நான் சில்லுகளுக்குக் கீழே பலகைகளை ஒழுங்காக வைத்திருந்தேன்.

“கால்களுக்கும் வைத்தாயா?”

“யா,” என்றேன்.

ஒரு எழுத்துப் பொய். உன்னி குனிந்து பார்க்கவில்லை. “ஸ்டைனார், பார், எவ்வளவு நேர்த்தி,” என்றாள். மரவேலை வாத்தியார், நான் தேய்த்த பலகை ஓரத்தைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து, “தக்,” என்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது.

அன்றே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று வதனா எத்தனையோ தரம் கேட்டாள். பணத்துக்காக இல்லை. இந்த ஆட்கள் இப்படித்தான் என்று ஒரு வெள்ளைக்காரர் வாயில் வர விடக்கூடாது என்று முப்பது வருடம் வாழ்ந்தவன் நான். குப்பையைப் பிரித்துப் போட்டேன், பனியை அவர்கள் எழும்ப முன் அள்ளினேன், கல்யாண வீட்டுப் பாட்டைக்கூட யன்னலைச் சாத்திவிட்டுக் கேட்டேன். கையெழுத்துப் போட்ட தாளை, தார் போட்ட பன்னிரண்டாம் நாளே மீறியவன் என்று உன்னி என்னைப் பார்ப்பதை என்னால் நினைக்க முடியவில்லை. பால் காய்ச்ச வேண்டியிருந்தது என்று சொன்னால் அவளுக்கு என்ன விளங்கும்?

வண்டி நின்றது. ஓகஸ்ட் வந்தது, ஆரணியின் தொலைபேசியும் வந்தது.

“அப்பா, எப்ப வெளிக்கிடுறியள்?”

“எஞ்சினிலை சின்னப் பிழை, பிள்ளை.”

அடுத்த கிழமை காப்புறுதிக் கடிதம் வரவில்லை என்றேன். அதற்கடுத்த கிழமை வேலை நேரம் மாறிவிட்டது என்றேன். ஆரணி எடுத்த லீவு வீணாய்ப் போனது. “சரி அப்பா,” என்றாள், மூன்று வருடத்துக்கு முன் சொன்ன அதே குரலில்.

ஒவ்வொரு நாள் காலையும் குசினி யன்னலால் பார்ப்பேன். ஸ்டைனார் நடப்பார். வண்டியின் பின்பக்க வலது கால் பொதுப் பாதையின் நடுக்கோட்டுக்கு அருகில் நின்றது. அவர் அதைத் தாண்டும்வரை தேத்தண்ணீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோக மாட்டேன்.

6

செப்ரெம்பரில் ஒரு ஞாயிறு, உன்னியும் ஸ்டைனாரும் மகன் வீட்டுக்குப் போனார்கள். பின்னேரம்தான் வருவோம் என்றார்கள். கட்டடச் சாமான் கடையில் வாங்கி ஒளித்து வைத்திருந்த குளிர்த்தார்ப் பைகளை எடுத்தேன். சூடாக்கத் தேவையில்லை, கொட்டி அடித்தால் இறுகும் என்று பையில் எழுதியிருந்தது. வண்டியை வீதிக்கு எடுத்தேன். குழிகள் நாலும் வெளிச்சத்தில் அப்பட்டமாகக் கிடந்தன. சுத்தம் செய்து, கொட்டி, கொங்கிரீட் கல்லொன்றால் இடித்துக்கொண்டிருந்தேன். மூன்று குழி முடிந்தது. வியர்வை கண்ணுக்குள் ஓடியது. வீதி முனையில் ஸ்டைனாரை ஏற்றிவரும் டாக்சி திரும்பியது. அவருக்குச் சுகமில்லை என்று நேரத்தோடு வந்துவிட்டார்கள்.

பாய்ந்து ஏறி வண்டியை உள்ளே விட்டேன். அவசரத்தில் கோணலாக நிறுத்திவிட்டேன். பழைய இடத்தில் நின்றால் மூடியிருக்கும் பின்பக்க வலது குழி, நிரப்பாத அந்த ஒன்று, வண்டிக்கு வெளியே வந்துவிட்டது. காருக்குள் போடும் ரப்பர் விரிப்பை எடுத்து அதன் மேல் போட்டேன், எண்ணெய் ஒழுகலுக்குப் போட்டது என்று உன்னி நினைக்கட்டும் என்று. மற்ற மூன்றுக்கும் போட்ட தார் இறுகவே இல்லை, சில்லுப் பட்டுப் பிசைந்து முன்னையதைவிட மோசமானது. திரும்ப வண்டியை அசைக்க எனக்குத் துணிவில்லை.

அன்று பின்னேரம் ஆரணி தொலைபேசி எடுத்தாள்.

“அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு வர விருப்பமில்லை, என்ன?”

“அப்படியில்லை பிள்ளை...”

“விருப்பமில்லையெண்டால் பரவாயில்லை. எய்ரிக்கிட்டைச் சொல்லிக் கல்லைக் கிளப்பிறன்.”

“என்ன கல்லு?”

“ஒண்டுமில்லை. ஸ்னோ விழ முன்னம் வாங்கோ அப்பா. வராட்டி இனி நான் கேக்க மாட்டன்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். அது எனக்குத் தெரியும்.

7

ஒக்ரோபர் நடுவில் முதல் உறைபனி. இரவெல்லாம் மழை பெய்து விடியத் தெளிந்திருந்தது. தாரில் மெல்லிய பளபளப்பு. நான் குசினியில் நின்றேன். ஸ்டைனார் தள்ளுவண்டியோடு வந்தார். ஐந்தாவது சுற்று. விரிப்பு ஒரு பக்கம் மடிந்து விறைத்துக் கிடந்ததைக் கண்டேன். யன்னலைத் தட்டக் கையைத் தூக்கினேன்.

சின்னச் சக்கரம் விரிப்பின் விளிம்பில் ஏறி, உறைந்த குழிக்குள் சறுக்கி இறங்கியது. தள்ளுவண்டி சரிந்தது. அவர் முழங்காலில் விழுந்து, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார்.

காலுறையோடு ஓடினேன். தாரின் குளிர் காலில் ஏறியது. அவரைத் தாங்கிப் பிடித்தபோது நெஞ்சு என்னுடையது அடிக்கிறதா அவருடையது அடிக்கிறதா என்று தெரியவில்லை. இடது உள்ளங்கை உரிந்து இரத்தம். எலும்புக்கு ஒன்றுமில்லை போல இருந்தது. உன்னி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள்.

“என்ன நடந்தது?”

அவர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. உதடு துடித்தது. “நெய்,” என்றார். “நெய், நெய்.”

“ஐஸ்,” என்றாள் உன்னி. அவளே விடையும் சொல்லிவிட்டாள். அவரை எழுப்பித் தள்ளுவண்டியின் இருக்கையில் இருத்திக்கொண்டே அழுதாள். “முடிந்தது. இனி வெளியே நடப்பது இல்லை. ஒரு தரம் விழுந்தால் பிறகு உள்ளேதான் என்று வைத்தியர் சொன்னாரே. வசந்தம் வரை உள்ளேயே இரு.”

ஸ்டைனார் என்னைப் பார்த்தார். அவரின் நல்ல கை, உரிந்த கை, மடியில் கிடந்தது. அவரால் அதைத் தூக்கி விரிப்பைக் காட்டியிருக்க முடியும். மூன்றடி தூரம்தான். அவர் காட்டவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் பேசாமல் நின்றிருந்தால் அது ஐஸ்தான். ஒருவருக்கும் ஒருநாளும் தெரிந்திருக்காது. அந்த நினைப்பு எனக்கு வந்தது, மறைக்கவில்லை. அது வந்ததே எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

“ஐஸ் இல்லை,” என்றேன். “அவருடைய பிழையும் இல்லை. என்னுடையது.”

விரிப்பைத் தூக்கிக் காட்டினேன். நோர்வே மொழியில் எனக்கு இத்தனை வருடத்தில் வராத நீளப் பேச்சு அன்று வந்தது. ஆடி, பால், ராகுகாலம், பதினாலு பேர், மற்ற மூன்று குழி, ‘யா’ என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அதில் எத்தனை அவளுக்கு விளங்கியதோ தெரியாது. அவள் குழியையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“குழிக்காக எனக்குக் கோபம் இல்லை,” என்றாள் கடைசியில். “குழியை நிரப்பலாம். இவர் ஒவ்வொரு நாளும் இதன் பக்கத்தில் நடப்பதை நீ யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைக் கண்டு கை அசைத்திருக்கிறேன்.”

நான் கையிலிருந்த விரிப்பைச் சுருட்டினேன்.

“வண்டியை இன்றைக்கே எடு.”

ஸ்டைனார் ஒரு மூச்சு விட்டார். “தக்,” என்றார். யாருக்குச் சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

8

வண்டியை வீதிக்கு எடுத்தேன். தார்க்காரரைக் கூப்பிட்டால், குளிர் தொடங்கிவிட்டது, இனி வசந்தத்தில்தான் என்றார்கள். பிசைந்து கிடந்த தாரை வழித்தெடுத்து, நாலு குழியையும் கல்மண்ணால் இறுக்கி நிரப்பினேன். நான் அறுத்து வைத்த பலகைகளில் நாலை எடுத்து மேலே வைத்து, சறுக்காமல் இருக்க முரட்டு ரப்பர் ஒட்டி, ஓரங்களைச் சரிவாகச் சீவி, அசையாதபடி முளை அடித்தேன். உன்னி கதவடியில் நின்று பார்த்தாள். ஸ்டைனார் கட்டுப்போட்ட கையோடு வந்து ஒரு பலகையைக் காலால் தட்டிப் பார்த்தார். வாத்தியார் குறை ஒன்றும் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஆரணிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவளுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

“இதையோ மூண்டு மாதமாச் சொல்லேல்லை?”

“ஓம்.”

“நான் நினைச்சன்...” என்றவள் முடிக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “இப்ப வண்டி எங்கை நிக்குது?”

“ரோட்டிலை. நிப்பாட்ட இடமில்லை, பிள்ளை.”

“இஞ்சை இடம் இருக்கு. வாங்கோ.”

குளிர்கால ரயர் மாற்றி, மூன்று நாள் லீவு சொல்லி, அடுத்த நாள் விடிய வெளிக்கிட்டோம். டோவ்ர மலையில் பனி தூவியது. வதனா வழிநீளம் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அவள் குத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பின்னேரம் மூன்று மணிக்கு அவர்களின் வளவுக்குள் திரும்பினேன். மரவீடு, முன்னால் புல்லுத்தரை. புல்லுக்குள் இரண்டு நீளப் பட்டையாகச் சரளை போட்டு, சில்லுத் தாழாமல் இருக்கத் தேன்கூட்டுக் கண் வைத்த தட்டுகள் பதித்திருந்தார்கள். மூலைகளில் நாலு கொங்கிரீட் கல்லுகள். எய்ரிக் ஓரமாக நின்று கை காட்டினான். ஆரணி எங்கள் பாசையில் கத்தினாள்.

“இன்னும் வாங்கோ... இன்னும்... போதும், நிப்பாட்டுங்கோ!”

இறங்கிக் கால்களைச் சுற்றினேன். நாலு காலும் நாலு கல்லின் நடுவில் போய் இருந்தன. வசந்தத்தில் நான் முணுமுணுத்துக்கொண்டு அனுப்பிய அளவு. கல்லைச் சுற்றிவரப் புல் வளர்ந்து ஓரம் மூடியிருந்தது, ஓகஸ்டிலிருந்து அவை அங்கே கிடக்கின்றன. எய்ரிக் மட்டக்கோலை வண்டிக்குள் அடுப்பின் மேல் வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் நின்றது. நான் என் மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்து, கல்லைத் தடவிக்கொண்டிருந்தேன்.

வதனா வந்த உடனேயே வீட்டுக்குள் போய்விட்டாள். நான் இரண்டு நாளும் வண்டிக்குள் சாப்பிட்டேன், வண்டிக்குள் படுத்தேன். ஆரணி வந்து என்னோடு அந்த முழங்கையளவு மேசையில் இருந்து சாப்பிட்டாள். உள்ளே வாங்கோ என்று ஒரு தரமும் கேட்கவில்லை. சொன்ன சொல்லைச் சொன்னபடி எடுக்கிற பிள்ளை.

இன்று காலை வெளிக்கிட ஆயத்தம் செய்தபோது உன்னியிடமிருந்து தொலைபேசியில் ஒரு படம் வந்தது. வாசலில், என் பலகையொன்றைத் தாண்டி, தள்ளுவண்டியோடு ஸ்டைனார். கீழே மூன்று வரி. ‘இன்று பன்னிரண்டு சுற்று. பலகைகள் அசையவில்லை. வண்டியைத் திரும்ப இங்கே கொண்டுவராதே.’

மூன்றாவது வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கோபிக்க எனக்கு உரிமை இல்லை. ஆரணி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“அப்ப இது இஞ்சையே நிக்கட்டும்,” என்றாள். “நீங்கள் ரயிலிலை வாங்கோ. வந்து உங்கடை வீட்டிலை நில்லுங்கோ.”

“வின்ரரிலை இடைக்கிடை எஞ்சினைப் போட வேணும். பற்றரி செத்துப்போகும்.”

“எய்ரிக் போடுவான். திறப்பைத் தந்திட்டுப் போங்கோ.”

அவளின் இரண்டு கையிலும் வண்டிக்குள் இருந்து எடுத்த சட்டி பானை. திறப்பை உள்ளே வைக்கச் சொல்லி வதனாவைக் கூப்பிட்டேன். “நான் சப்பாத்துப் போட்டிட்டன், நீங்களே கொண்டுபோய் வையுங்கோ,” என்று வெளியில் நின்று சொன்னாள். எய்ரிக் வேலைக்குப் போயிருந்தான். ஆரணி சட்டிகளோடு படியேறி, காலால் கதவைத் தள்ளித் திறந்து பிடித்தாள்.

“உள்ளை கதவுக்குப் பக்கத்திலை கொளுக்கி இருக்கப்பா. அதிலை கொளுவி விடுங்கோ.”

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். கை நோகும் பாரம். மூன்று படிகள். நான் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஏறிப்போய், குனிந்து, சப்பாத்தைக் கழற்றினேன்.